அட்டை இருக்கிறதா?

ஒரு நாளில் அறுநூறு முறை கேட்கிறேன்,
வணக்கம் சொல்வதைவிட அதிகமாக.
கோஷித்சே நகரில், ஆறாம் எண் ட்ராம் திரும்பும் முனையில்
என் கல்லா.
அதன் தலைக்கு மேல் ஒரு கேமரா.
திருடர்களுக்காக, என்றார் மேலாளர்.
திருடர்கள் வராத நேரத்தில்
அது என் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஏழாவது தளத்து கெய்சா மார்ச்சில் இறந்தார்.
நகராட்சி நம்பவில்லை.
மே மாதம் அவர் பெயருக்குக் குப்பை வரி,
ஜூனில் அபராதம்.
ஜெல்மீரா இறப்புச் சான்றிதழை
மூன்று சன்னல்களில் காட்டினாள்.
நான்காவது சன்னலில் இருந்தவன்
முகம் நிமிராமல் சொன்னான்:
அவரே வந்து கையெழுத்துப் போட்டால் சுலபம்.

கடை மட்டும் உடனே நம்பிவிட்டது.
சவர பிளேடு, பைப் புகையிலை,
காலையில் இரண்டாவது ரொட்டி
மூன்றும் நின்ற பத்தாம் நாள்
அவள் தொலைபேசிக்குத் தகவல் வந்தது:
ஒருவருக்கான சூப், முப்பது சதவீதம் தள்ளுபடி.

இரங்கல் கடிதம் போல அதை என்னிடம் நீட்டினாள்.
"இவர்களிடம் நான் சொல்லவே இல்லையே, ஸ்லாதித்சா."

சொன்னது நான்தான்.
பீப், பீப் என்று,
ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்,
அவர் எதை விட்டுப் போனார் என்பது வரைக்கும்.

அந்த வாரம் மூன்று அலைவரிசைகளில் மூன்று கழுத்துப்பட்டிகள்
ஒரே வாக்கியத்தை வாசித்தன:
அரசின் மீது மக்கள் நம்பிக்கை உயர்ந்திருக்கிறது.
அதில் இரண்டும் எங்கள் கடையும் ஒரே முதலாளிக்கு.
மூன்றாவதற்குப் பேரம் நடக்கிறதாம்.
யார் சொன்னது என்று கேட்காதீர்கள்.
எங்கள் கட்டடத்தில் செய்திக்கும் வதந்திக்கும்
ஒரே விலாசம், லிஃப்ட்.
அங்கே சிக்னல் கிடைக்காது,
அதனால் அங்கேதான் வாய் திறக்கிறோம்,
நான்கு பேர், ஏழு தளம், நாற்பது வினாடி.

ட்ராம் ஓட்டும் போஹுஷ்தான் ஆரம்பித்தார்.
சீருடைத் தொப்பியைக் கவிழ்த்து நீட்டி,
போடுங்கள் உங்கள் அட்டைகளை, என்றார்.
பத்தொன்பது அட்டைகள்.
ஜெல்மீரா கெய்சாவுடையதையும் சேர்த்துப் போட்டாள்.
கண்ணை மூடி ஆளுக்கொன்று எடுத்தோம்.

மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தது.
பால் என்றாலே முகம் சுளிக்கும் போஹுஷ் பெயருக்குக்
குழந்தை உணவு கூப்பன்.
நாய் இல்லாத வீட்டுக்கு நாய்ப் பிஸ்கட்.
பாதிரியாரின் தங்கைக்கு,
வேண்டாம், அதைச் சொல்ல மாட்டேன்.
படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு ஏறி இறங்கியது.

பிறகு மூன்றாம் தளத்தில் யாரோ யோசித்திருக்கிறார்கள்:
போஹுஷுக்கு ஏன் இந்த யோசனை வந்தது?
யார் எந்த அட்டையை எடுத்தார்கள் என்று
யாரிடமாவது பட்டியல் இருக்கிறதா?
அப்புறம் லிஃப்டில் நான் ஏறினால்
வானிலை பற்றிப் பேசினார்கள்.
கடைக்காரி அல்லவா.
எனக்கும்தான் அவர்கள் மேல் அப்படித் தோன்றியது.
சந்தேகத்துக்கு மாதச் சம்பளம் கிடையாது,
ஆனாலும் லீவு போடாமல் வேலை செய்கிறது.

கெய்சாவின் அட்டை என்னிடம்தான் வந்திருந்தது.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்து
ஒரு பாக்கெட் சவர பிளேடு வாங்கினேன்.
என் காசு. அவர் அட்டை.
எல்லாம் தெரிந்த அந்த இயந்திரம்
ஒரு தடவையாவது ஏமாறட்டும் என்றுதான்.
சத்தியமாக வேறு நினைப்பில்லை.

அவருடைய தொலைபேசியை
அவள் இன்னும் அணைக்கவில்லை என்பது
எனக்கு எப்படித் தெரியும்?

நான்காவது திங்கள் காலை வந்தாள்.
ஒரு எலுமிச்சை, ஒரு பால் பொட்டலம்.
அவர் திரையை என் பக்கம் திருப்பினாள்.
கெய்சா, மீண்டும் உங்களைக் காண்பதில் மகிழ்ச்சி.

"நகராட்சி சொன்னது சரிதான் போலிருக்கிறது,"
என்றாள். சிரிக்கவில்லை.
பிறகு என் கைகளைப் பார்த்தாள்.
மேலிருந்து அதுவும் பார்த்தது.

எலுமிச்சை, பீப்.
பால், பீப்.
அவள் சில்லறையை எண்ணி வைக்கும் வரை
அடுத்து நான் கேட்க வேண்டிய கேள்வி
வாயிலேயே நின்றது.
வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார்.